குரூப் 4 படிக்க டேப்: 8.7 இன்ச்சா, 11 இன்ச்சா?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது. கவுன்சிலிங்குக்குக் கூப்பிடும் தூரத்தில் என் நம்பர் இருக்கிறது. எந்தத் துறை, எந்த ஊர் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். போன முறை கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றவள் நான், அதனால் இந்தத் தடவை மூச்சு வந்த மாதிரி இருக்கிறது. விஷயம் தெரிந்ததிலிருந்து போனில் வரும் கேள்விகளைப் பார்த்தால்தான் சிரிப்பு வருகிறது. "அக்கா, என்ன புக் படிச்சீங்க?" என்று கேட்பவர்களைவிட "அக்கா, எந்த டேப் வச்சுப் படிச்சீங்க?" என்று கேட்பவர்கள் அதிகம். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் வைத்திருந்தது சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9. 8.7 இன்ச், வைஃபை மட்டும் உள்ள மாடல். இப்போது ஏ11 என்று புதிது வந்துவிட்டது, அதிலும் அதே இரண்டு அளவுதான்: சின்னது 8.7, ப்ளஸ் 11. ரெட்மி பேட் எஸ்இ-யிலும் இதே ஜோடி உண்டு. அதனால் நான் சொல்லப்போவது கம்பெனியைப் பற்றி அல்ல, அளவைப் பற்றி.

என் நிலைமையை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் தப்பாகப் புரியும். அரக்கோணத்தில் வீடு, சென்ட்ரல் பக்கம் வேலை. காலையில் லோக்கல் அங்கிருந்தே கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். திருவள்ளூர் தாண்டியதும் மடியில் பையை வைக்கக்கூட யோசிக்க வேண்டும். சாயங்காலம் ஆவடி வரைக்கும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வருவேன். வீட்டுக்கு வந்தால் அடுப்படி, அதற்கப்புறம் தூக்கம். ஆக, நான் படித்ததில் முக்கால்வாசி ரயிலில். மேசை போட்டு உட்கார்ந்து படித்தது ஞாயிறு மட்டும்தான்.

தம்பியிடம் ஏ9 ப்ளஸ் இருந்தது. வாங்குவதற்கு முன்னால் அவனுடையதைத்தான் கொஞ்ச நாள் எடுத்துப் போனேன். 11 இன்ச் திரை, பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் நிற்கும்போது ஒரு கை மேலே கைப்பிடியில் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு கை. ப்ளஸ்ஸின் அகலம் 168.7 மில்லிமீட்டர். என் கையை முழுசாக விரித்தாலும் ஒரு ஓரத்தைத்தான் பிடிக்க முடியும், மறு ஓரம் ரயில் ஆட்டத்துக்குத் தகுந்தபடி ஆடும். பெரம்பூர் வரும்போது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். சின்ன ஏ9-இன் அகலம் 124.7 மில்லிமீட்டர். உள்ளங்கையில் முதுகை வைத்து இரண்டு பக்கமும் விரலால் கவ்விப் பிடிக்கலாம்.

எடை விஷயத்தில் பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பொய் என்று சொல்லவில்லை. சின்னது 332 கிராம், பெரியது 480 கிராம், அது சரிதான். ஆனால் கவர் இல்லாமல் யார் கொண்டுபோகிறார்கள்? எங்கள் தெரு மளிகைக்கடைத் தராசில் இரண்டையும் கவரோடு வைத்துப் பார்த்தேன். "என்னம்மா, பழைய பேப்பர் கடைக்குப் போடப் போறியா?" என்றார் அண்ணாச்சி. சின்னது அரை கிலோவுக்குக் கீழே நின்றது. பெரியது முக்கால் கிலோவை எட்டிப் பார்த்தது. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை இவற்றோடு இந்த முக்கால் கிலோவும் சேர்ந்தால் தோளுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், என் ஹேண்ட்பேக்கில் பெரியதை வைத்தால் ஜிப் மூடாது. முதுகுப் பையில்தான் வைக்க வேண்டும். கூட்டத்தில் முதுகுப் பையை யார் கழற்றுவது? எடுக்கக் கஷ்டமாக இருந்தால் எடுக்க மாட்டோம், அவ்வளவுதான். எடுக்காத டேப்பில் எவ்வளவு பெரிய திரை இருந்து என்ன!

சரி, சின்னதில் எழுத்து தெரியுமா? இதுதான் எல்லாருடைய பயமும். நியாயமான பயம்.

ஏ4 பக்கத்தின் அகலம் 210 மில்லிமீட்டர். 8.7 இன்ச் திரையை நிமிர்த்திப் பிடித்தால் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 113 மில்லிமீட்டர். பக்கம் பாதியாகச் சுருங்கிவிடும், 12 பாயின்ட் அளவு எழுத்து ஆறரை பாயின்ட் ஆகிவிடும். ஆங்கிலம் என்றால் எப்படியோ சமாளிக்கலாம். தமிழில் சுழிக்குச் சுழி கணக்கு. மூன்று சுழி 'ண'வா இரண்டு சுழி 'ன'வா என்று தெரியாமல் "ஒலி வேறுபாடறிந்து சரியான பொருளைத் தேர்க" பகுதியை எப்படிப் படிப்பது? ஆணியும் ஆனியும் ஒன்றாகத் தெரியும், பணியும் பனியும் ஒன்றாகத் தெரியும். அதிலும் கோச்சிங் சென்டர் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதைப் போனில் படம்பிடித்து, அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி நைந்துபோன பிடிஎஃப் என்றால் கேட்கவே வேண்டாம். சந்திப்பிழை கேள்வியில் 'ப்' தலையில் புள்ளி இருக்கிறதா, தூசியா என்றே சந்தேகம் வரும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். எனக்கு ரேங்க் வந்ததற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் தம்பி கிண்டல் செய்கிறான், பரவாயில்லை.

டேப்பைப் படுக்கை வாட்டத்தில் திருப்புங்கள். அவ்வளவுதான் தந்திரம். 8.7 இன்ச்சைத் திருப்பினால் அகலம் ஏறக்குறைய 190 மில்லிமீட்டர். தம்பியின் 11 இன்ச்சை நிமிர்த்திப் பிடித்தால் கிடைப்பது 148 மில்லிமீட்டர்தான். அதாவது படுத்த சின்னது, நின்ற பெரியதைவிட எழுத்தைப் பெரிதாகக் காட்டும். கூர்மையும் கூட: நிமிர்ந்த ப்ளஸ்ஸில் வரி ஒன்றுக்கு 1200 பிக்சல், படுத்த ஏ9-இல் 1340. இதோடு ரீட்எரா மாதிரி ஓரம் வெட்டும் வசதியுள்ள செயலியில் நான்கு பக்க வெள்ளை ஓரத்தையும் வெட்டிவிட்டால், ஏ4 பக்கம் அச்சில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். பெரியதையும் திருப்பலாமே என்பீர்கள். திருப்பலாம், இன்னும் பெரிதாகத் தெரியும். கூட்டத்தில் 257 மில்லிமீட்டர் நீளத்தைக் குறுக்கே நீட்டினால் பக்கத்தில் நிற்கும் அக்காவின் மூக்கில் இடிக்கும்.

படுக்கை வாட்டத்தில் ஒரே நேரத்தில் பக்கத்தின் பாதிக்கும் குறைவாகத்தான் தெரியும். ஒரு பக்கம் முடிக்க இரண்டு மூன்று தடவை தள்ள வேண்டும். பலருக்கு இது எரிச்சல். எனக்கு இதுவே பாடமுறை ஆகிவிட்டது. தெரிகிற பகுதியைப் படிப்பேன், தள்ளுவதற்கு முன்னால் கண்ணை எடுத்துவிட்டு அதிலிருந்து ஒரு கேள்வி எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். இந்த நூலின் ஆசிரியர் யார், அடைமொழி என்ன, எந்த நூற்றாண்டு என்று. பதில் வந்தால் தள்ளுவேன், வராவிட்டால் அங்கேயே நிற்பேன். முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரிந்தால் கண் ஓடிக்கொண்டே இருக்கும், படித்த மாதிரியே இருக்கும், மறுநாள் ஒன்றும் நிற்காது. 6-ஆம் வகுப்பிலிருந்து 10 வரைக்குமான தமிழ்ப் புத்தகங்களை இப்படித்தான் முடித்தேன். 100 கேள்வி, 150 மதிப்பெண் அங்கேதானே இருக்கிறது. திரைச் சுழற்சியை மட்டும் மறக்காமல் பூட்டிவிடுங்கள். வளைவில் ரயில் சாயும்போது பக்கம் தானாகத் திரும்பிக்கொண்டால் வரும் கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல.

சின்னதில் எனக்கு ஓடாதவை:

- புவியியல் வரைபடங்கள். ஆறுகள், மண் வகைகள், கனிமங்கள் எல்லாம் பெரிதாக்கி நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் எது எதற்குப் பக்கத்தில் என்பதே மறந்துவிடும். வரைபடத்துக்கு அட்லஸ்தான், வீட்டில்.
- அகலமான அட்டவணைகள். கடைசிப் பத்தி எப்போதும் திரைக்கு வெளியே நிற்கும்.
- வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. திரையை இரண்டாகப் பிரித்தால் இரண்டும் உதவாது.
- கணக்கு. இதற்கு எந்த டேப்பும் வேண்டாம், ரஃப் நோட்டு போதும்.

இப்போது பேனா விவகாரம். ஷோரூமில் விற்பனைப் பையன் விடவே இல்லை. "மேடம், எக்ஸாமுக்குப் படிக்கிறீங்கன்னா பேனாவோட வர்ற பெரிய மாடல்தான் கரெக்ட், நோட்ஸ் எடுக்கலாம்" என்று அரை மணி நேரம் பேசினான். டேப் எஸ்6 லைட் மாதிரி பேனாவோடு வருபவை நல்ல சாதனங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நாம் எழுதப்போவது ஓஎம்ஆர் தேர்வு. கருப்புப் பந்துமுனைப் பேனாவால் காகிதத்தில் வட்டத்தை நிரப்பப்போகிறோம். தெரியாத கேள்விக்கு, விடை தெரியவில்லை என்பதற்கான 'E' வட்டத்தையும் நிரப்ப வேண்டும், கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணியும் எழுத வேண்டும். 200 கேள்விக்கு அந்தக் கை வேகம் திரையில் வராது. ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வுகளை நான் காகிதத்தில்தான் எழுதினேன். ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆகும் செலவு ஒரு டீக்காசு. குரூப் 2 மெயின்ஸ் விரிவாக எழுதப்போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: விடைத்தாள் காகிதம் என்றால் பயிற்சியும் காகிதம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தோழி மதுரைக்காரி. வேலைக்குப் போகவில்லை, காலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால் இருட்டும் வரைக்கும் அங்கேதான். அவள் வாங்கியது 11 இன்ச். மேசையில் ஸ்டாண்ட் போட்டு வைத்து, இடது பாதியில் புத்தகம், வலது பாதியில் பழைய வினாத்தாள் என்று படித்தாள். எடை அவளுக்குப் பிரச்சினையே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் தூக்குகிறாள், போகும்போதும் வரும்போதும். அவளுடைய ரேங்க் என்னுடையதைவிட மேலே என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. "அதுக்கும் டேப்புக்கும் சம்பந்தம் இல்லடி" என்கிறாள். இருக்கலாம்.

எனவே நாற்காலி உள்ளவர்களுக்குப் பெரியது, நாற்காலி இல்லாதவர்களுக்குச் சின்னது. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் மட்டும் இந்தக் கணக்கை விட்டுவிட்டு நேராகப் பெரியதற்குப் போங்கள். நின்று படிப்பதை மறந்துவிடுங்கள், உட்காரும்போது படியுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு அண்ணன் சின்னதை வாங்கிவிட்டு மாதக் கணக்கில் தலைவலி மாத்திரையோடு திரிந்தார்.

"இருக்கிற போனே போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு: உங்களுக்குப் போதலாம். என் கையில் போன் இருந்தால் பெரம்பூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் நடுவில் ரீல்ஸுக்குப் போய்விடும். சிம் போட முடியாத வைஃபை மாடலை வாங்கியதே அதற்காகத்தான். ராத்திரி வீட்டு வைஃபையில் மறுநாளுக்கான பாடங்களை இறக்கி வைப்பேன். பாடநூல் கழகத் தளத்திலேயே புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சுக்குப் போகும் அதே பிடிஎஃப் என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து உடையாது. கண்ட குழுக்களில் சுற்றும் ஸ்கேன் காப்பிகளை இறக்காதீர்கள். ரயில் கிளம்பிய பிறகு அந்த டேப்பில் படிப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது. "டேப்புல படிச்சா மண்டையில ஏறுமா?" என்று அத்தை வாய்க்கு வாய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது தன் பேத்திக்கு எந்த மாடல் வாங்கலாம் என்று அதே அத்தைதான் போன் செய்கிறார்கள்.

வாங்கும்போது:

- மெமரி கார்டு போடும் வசதி இருக்கட்டும். அது இருந்தால் குறைந்த சேமிப்பு மாடலே போதும்.
- 5100 எம்ஏஎச் பேட்டரி என் போக வரப் பயணத்துக்கு மிச்சமாகவே இருந்தது. அதற்காகப் பெரியதற்குப் போக வேண்டாம்.
- கனமான தோல் கவர் வேண்டாம், பின்பக்க மெல்லிய கவரும் ஒரு கண்ணாடி ஒட்டியும் போதும். முடிந்தால் பின்னால் விரல் நுழைக்கும் பட்டி உள்ளதாகப் பாருங்கள். நெரிசலில் யாராவது இடித்தால் கீழே விழாது.
- விலையைப் பற்றி நான் பேசவில்லை, ஆஃபருக்கு ஆஃபர் மாறுகிறது. இரண்டு அளவுக்கும் நடுவில் மிச்சமாகும் பணத்தில் மாதிரித் தேர்வு நடத்தும் டெஸ்ட் பேட்ச்சில் சேரலாம் என்பதை மட்டும் யோசியுங்கள்.
- கடைக்குப் போகும்போது உங்களிடம் இருப்பதிலேயே மோசமான பிடிஎஃப்பைப் போனில் எடுத்துப் போங்கள். ஷோரூமில் ஓடும் மீன்தொட்டி வீடியோவில் எல்லாத் திரையும் அழகுதான். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, டேப்பைப் படுக்கப் போட்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றபடியே இரண்டு பக்கமாவது படித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.