புதினாவுக்கு ஜிப்ரலிக் அமிலமா, சைக்கோசெல்லா?

மெந்தால் எடுக்கிற ஜப்பான் புதினாவுக்கு எந்த டானிக் தெளித்தால் எண்ணெய் கூடும் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உரக்கடையில் எல்லாமே டானிக்தான். செடியை நீட்டுகிற மருந்தும் (ஜிப்ரலிக் அமிலம்) குட்டையாக்குகிற மருந்தும் (சைக்கோசெல்) ஒரே அலமாரியில் இருக்கும்.

எண்ணெய் வடித்து அளப்பதுதான் என் வேலை. பண்ணையில் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் இரண்டையும் தெளித்துப் பார்த்தோம். ஜிப்ரலிக் அமிலம் பட்ட செடி கணுவுக்குக் கணு நீண்டு, வெளிர்பச்சையாக ஓங்கி நின்றது. வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பாத்தியைத்தான் போட்டோ எடுத்தார்கள். அறுத்து எடை போட்டபோதும் அதுவே முன்னால். ஆனால் இரண்டிலும் ஒரே எடைக்குத் தழை எடுத்து கிளெவெஞ்சர் கருவியில் வடித்தால், அளவுக்குழாயில் சைக்கோசெல் பாத்தியின் எண்ணெய்தான் மேலே நின்றது.

புதினாவின் எண்ணெய் இலைமேல் உள்ள பொடிச் சுரப்பிகளில் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பளபளவென்று புள்ளிகளாகத் தெரியும். தண்டில் பேருக்குத்தான் எண்ணெய். ஜிப்ரலின், அதாவது ஜிப்ரலிக் அமிலம் சேர்ந்த வளர்ச்சி ஹார்மோன் வகை, நீட்டுவதோ தண்டை! சைக்கோசெல், அதாவது குளோர்மெக்வாட், செடிக்குள் ஜிப்ரலின் உருவாவதையே தடுக்கிறது. கணுக்கள் நெருங்கி, தழையில் இலையின் பங்கு ஏறுகிறது. அதற்காக ஊற்றித் தள்ளக் கூடாது. செடி குறுகித் தழையே குறைந்துவிட்டால், சதவீதம் ஏறி என்ன பிரயோசனம்?

கணக்கு இதுதான்: 50 சதவீத சைக்கோசெல்லை லிட்டருக்கு 2 மில்லி கலந்தால் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு. ஜிப்ரலிக் அமிலப் பொடி தண்ணீரில் லேசில் கரையாது, முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும்.

அப்புறம் ட்ரையகான்டனால். 1977இல் மிச்சிகனில் ஸ்டான்லி ரீஸ் குழு குதிரைமசாலிலிருந்து பிரித்து, பயிர் வளர்ச்சியைத் தூண்டுவதாகக் காட்டிய, 30 கார்பன் கொண்ட மெழுகு ஆல்கஹால். மிகக் கொஞ்சம் போதும். அடுத்த பாத்தி அதற்குத்தான்.

ஆனால் எதைத் தெளித்தாலும் அறுவடை நாள் தப்பினால் போச்சு. இளம் இலையில் மெந்தோன் மிகுதி. இலை முற்ற முற்றத்தான் அது மெந்தாலாகிறது. ரொம்பத் தள்ளிப்போட்டால் அடியிலை உதிரும், மழை பிடித்தால் எண்ணெய் குறையும். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கிப் பக்கம் பருவமழைக்கு முன்னால் அறுத்துவிட அலைமோதுவது அதனால்தான்.

சட்னிக்கு வளர்க்கிற தொட்டிப் புதினாவுக்கும் தெளிக்கலாமா என்கிறார்கள் சிலர். வேண்டாம்.