லேசர்டிஸ்க் பெட்டி: முதலில் முதுகைப் பாருங்க

அட்டை ஓவியத்துக்காக லேசர்டிஸ்க் (டிவிடிக்கு முந்தைய பெரிய படத் தட்டு) பெட்டித் தொகுப்பு வாங்குறவங்க முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. முதுகின், அதாவது அலமாரியில் அடுக்கினால் வெளியே தெரியும் ஒடுங்கிய பக்கத்தின், படத்தைக் கேட்டு வாங்குங்க. அலமாரியில் வெளிச்சம் படுவது அங்கேதான். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும்.

அடுத்து, ஓரங்கள். 30 செ.மீ. தட்டு ஒவ்வொன்றும் இரண்டு அக்ரிலிக் தகடுகளை ஒட்டிச் செய்தது, நல்ல கனம். சிஏவி (மாறாத சுழற்சி வேகத்தில் ஓடும்) வகையில் பக்கத்துக்கு 30 நிமிடம்தான்; மூன்று மணி நேரப் படத்துக்கு 3 தட்டு. தபாலில் குலுங்கும்போது அந்தப் பாரமே அட்டையைப் பிளந்துவிடும். தட்டுகளை வெளியே எடுத்து, பெட்டிக்குப் பின்னால் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்க.

அலுமினியப் பூச்சு அரித்த தட்டா? ஓவியம்தான் வேண்டும் என்றால் அது குறையே இல்லை, விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம்.

ஜப்பான் பதிப்புகளில் பெட்டியின் ஓரத்தைச் சுற்றிய 'ஓபி' காகிதப் பட்டையும் இருக்கான்னு பாருங்க. அழகில் பாதி அதுதான். பெட்டியைப் பாதுகாப்பு உறையில் நுழைக்கும்போது பட்டை இருக்கும் ஓரத்தை முதலில் விடுங்க, கிழியாது. பாலிப்ரொப்பிலீன் உறை மட்டும் போதும். பிவிசி நாளடைவில் அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும்.

விலைச் சீட்டை ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில் இளக்கி, படுக்கை வாட்டில் மெதுவாக உரிங்க. பளபளப்புப் பூச்சில்லாத அட்டையில் இதைச் செய்யவே வேண்டாம், மையும் சேர்ந்து வந்துவிடும்.