எட்டுக் கெப்பாசிட்டரில் ஒன்று மட்டும் இறங்காவிட்டால்

வால்வு லீனியரில் (ரேடியோ சிக்னலின் சக்தியைக் கூட்டும் வால்வு ஆம்ப்ளிஃபயரில்) ஆளைக் கொல்வது ஹை வோல்டேஜ் சப்ளைதான். 2,800 வோல்ட்டுக்கு, 450 வோல்ட் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் எட்டைத் தொடராக இணைத்தால் ஒவ்வொன்றின் மேலும் 350 வோல்ட் நிற்கும். வோல்டேஜ் சமமாகப் பிரியவும், அணைத்தபின் சார்ஜ் இறங்கவும் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 100 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். அதில் 1.2 வாட் சூடாகக் கரைவதால் 3 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள்; ரெசிஸ்டரின் வோல்டேஜ் ரேட்டிங்கையும் பாருங்கள், பலர் அதை மறக்கிறார்கள்.

சுவிட்சை அணைத்தபின் மொத்தம் 50 வோல்ட்டுக்கு இறங்க ஒன்றரை நிமிடம் ஆகும். ரெசிஸ்டர் எல்லாம் நன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஒரு ரெசிஸ்டர் ஓப்பன் ஆகிவிட்டால் (உள்ளே அறுந்துவிட்டால்) அதன் கெப்பாசிட்டர் மட்டும் சார்ஜோடு நிற்கும். அப்போது மொத்த வரிசையின் இரண்டு முனைகளையும் ஷார்ட் செய்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும். ஆனால் மற்ற ஏழும் தலைகீழாகக் கொஞ்சம் சார்ஜ் ஏறி, அந்த ஒன்றில் 300 வோல்ட்டுக்கு மேல் அப்படியே இருக்கும். விரல் பட்டால் போதும்!

அதனால் ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் தனித்தனியாக, காப்பிட்ட குச்சியின் நுனியில் கட்டிய 1 கிலோஓம் 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரால் இறக்குங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து பாருங்கள். மேல்மூடி உப்பிய கெப்பாசிட்டரைக் கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் ரெசிஸ்டரை; ஒரு காலைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.