வெங்காயக் கழிவிலிருந்து ஃப்ரக்டான் எடுப்பது

குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் உள்ள மஹுவா, வெள்ளை வெங்காயத்தை நறுக்கி உலர்த்தும் ஆலைகளுக்குப் பேர்போன ஊர். தலை, வேர்த்தட்டு, காய்ந்த தோல், கூடவே வெட்டுப்பட்டுப் போகும் ஒன்றிரண்டு சதைப்பற்றான அடுக்குகள் என்று கழிவு மலையாகக் குவியும். மாட்டுக்கு அள்ளிப் போடவும் முடியாது. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் அதிக அளவில் உள்ளே போனால் மாட்டின் சிவப்பணுக்கள் உடைந்து இரத்தசோகை வரும். வெண்ணழுகல் தாக்கிய கழிவை வயலில் கொட்டினால் பூஞ்சை பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். அதனால்தான் அதிலிருக்கும் ஃப்ரக்டான் என்னும் ப்ரீபயாடிக் நாரை, அதாவது குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகும் நாரை, எடுக்கும் பேச்சு அடிக்கடி எழுகிறது. பேச்சு சரிதான். ஆனால் சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் என்ற ஃப்ரக்டானுக்கு எழுதிய செய்முறையை அப்படியே வெங்காயத்துக்குப் பொருத்துகிறார்கள். அது வேலைக்காகாது.

வெங்காயம் மாவுச்சத்தைச் சேமிப்பதில்லை, ஃப்ரக்டானைச் சேமிக்கிறது. சுக்ரோஸ் மூலக்கூறோடு ஃப்ரக்டோஸ் அலகுகள் தொடராகக் கோத்த சர்க்கரை அது. நம் சிறுகுடல் நொதிகளால் அதை உடைக்க முடியாது. பெருங்குடலில் இருக்கும் பிஃபிடோ பாக்டீரியாக்கள் உடைத்துத் தின்னும். சிக்கரியில் இந்தத் தொடர் அறுபது அலகு வரைகூட நீளும். வெங்காயத்தில் பெரும்பாலும் 3 முதல் 12 அலகுகள்தான். சிக்கரிச் சாற்றைச் சுண்டவைத்துக் குளிரவிட்டால் நீளத் தொடர்கள் வெள்ளையாகப் படியும். வெங்காயச் சாறு குளிர்பெட்டியில் எத்தனை நாள் இருந்தாலும் படியாது. 80 சதவீத எத்தனாலில்கூடக் குட்டைத் தொடர்கள் கரைந்தே நிற்கும். அடியில் விழுவது பெரும்பாலும் பெக்டினும் புரதமும். பெக்டினும் நார்தான், ஆனால் நாம் தேடிய சரக்கு மேலே தெளிந்த நீரோடு போய்விடும்.

கழிவை முதலில் பிரிக்க வேண்டும். காகிதம் போன்ற காய்ந்த தோலில் ஃப்ரக்டான் ஏறக்குறைய இல்லை, செல்லுலோசும் குவர்செட்டின் என்ற நிறமியும்தான். சேர்த்துக் கொதிக்கவைத்தால் சாறு நிறமேறி, பின்னால் நிறம் நீக்கும் செலவு வைக்கும். காற்றாடி வைத்துத் தூற்றினாலே தோல் பறந்துவிடும். வேண்டியது சதைப்பற்றான அடுக்குகள். திடப்பொருள் அதிகமுள்ள வெள்ளை ரகங்களில் ஃப்ரக்டானும் அதிகம். நீர் மிகுந்த பெரிய இனிப்பு ரகங்களில் குறைவு. முளைவிட்ட வெங்காயத்தைத் தொட வேண்டாம். முளைக்கு உணவாகச் செடியே தன் நொதியால் ஃப்ரக்டானை உடைத்து ஃப்ரக்டோஸாக்கியிருக்கும். வெட்டிய கழிவைக் குவித்து வைப்பதும் கூடாது. வெயிலில் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். புளித்தால் அமிலம், அமிலத்தோடு சூடு சேர்ந்தால் தொடர் அறுந்துவிடும்.

இனி 1 கிலோ ஈரக் கழிவுக்கான கணக்கு. 2 லிட்டர் தண்ணீரை முதலில் 95 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு, கழிவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெப்பம் சடாரென்று இறங்கி, நொதிகளுக்கு இதமான சூட்டில் வெகுநேரம் நிற்கும். குளிர்நீரில் போட்டு அடுப்பேற்றுவது அதைவிட மோசம். எல்லாம் போட்டபின் 85 முதல் 90 டிகிரியில் அரை மணி நேரம் போதும். பிஹெச்சை 6 முதல் 7 வரை வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயச் சாறு இயல்பிலேயே 5.5 அளவில் இருப்பதால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போதும். 8-ஐத் தாண்டினால் சாறு பழுப்பேறும். 4-க்குக் கீழே இறங்கினால் தொடர் வேகமாக உடையும்.

வெந்ததை மல் துணியில் பிழிய வேண்டும். ஒரு பிழிவோடு நிறுத்துகிறவர்கள் எவ்வளவு விடுகிறார்கள் என்று பாருங்கள். கழிவில் இருந்த தண்ணீரோடு சேர்த்து மொத்தம் சுமார் 2.85 லிட்டர். சக்கையில் 0.6 லிட்டர் தங்கினால், கரைந்ததில் ஐந்தில் ஒரு பங்கு சக்கையோடு போகிறது. இன்னும் 1 லிட்டர் வெந்நீர் விட்டு அலசிப் பிழிந்தால் அந்த இழப்பு 8 சதவீதத்துக்கு இறங்கும். இன்னொரு அலசலுக்கு அர்த்தமில்லை. அந்தத் தண்ணீரை ஆவியாக்கும் எரிபொருள்தான் கூடும். முன்சொன்ன 1 லிட்டர் அலசல் நீரை அடுத்த கொதிக்கு முதல் நீராக ஊற்றுவது சிக்கனம், அதே நாளில் பயன்படுத்தினால் மட்டும்.

இங்கே பலரும் ஏமாறுவது, சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளின் சதவீதத்தைக் காட்டும் பிரிக்ஸ் மானியிடம். ஃப்ரக்டான் முழுதாக இருந்தாலும் சரி, ஃப்ரக்டோஸாக உடைந்திருந்தாலும் சரி, அது ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். சில சர்க்கரைகளோடு சூடாக்கினால் நிறம் மாறும் பெனடிக்ட் கரைசல் இதற்குப் பயன்படும். ஃப்ரக்டான் அதனோடு வினைபுரியாது. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் புரியும். கொதிக்கு முன்னும் பின்னும் அதே அளவு மாதிரியில் சோதித்து, நிறம் கூடியிருந்தால் உங்கள் நார் சர்க்கரையாகிக்கொண்டிருக்கிறது. விற்பனைக்கு என்றால் இது போதாது; ஃப்ரக்டானை அளக்க ஏஓஏசி என்ற பன்னாட்டு ஆய்வு அமைப்பு வகுத்த 999.03 அல்லது 997.08 முறையில் ஆய்வகம் அளந்து தர வேண்டும்.

சாற்றில் ஃப்ரக்டானோடு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் எல்லாம் இருக்கும். இவற்றைப் பிரிப்பதுதான் முழு வேலையிலும் கடினமான இடம். ரொட்டி ஈஸ்ட் போட்டுச் சர்க்கரையைத் தின்னவிடும் வழி மலிவு. ஆனால் ஈஸ்டின் இன்வர்டேஸ் நொதி மூன்றலகு, நான்கலகுத் தொடர்களையும் கடித்துவிடும். வெங்காயத்தில் கணிசமான பங்கு அவைதான். நுண்துளைச் சவ்வில் மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரிக்கும் நானோ வடிகட்டல் நல்லது. டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு. முதலில் 10 கிலோடால்டன் சவ்வில் பெக்டினையும் புரதத்தையும் நிறுத்திவிட்டு, பின் சுமார் 1 கிலோடால்டன் சவ்வில் தண்ணீர் சேர்த்துச் சேர்த்துச் சர்க்கரையைக் கழுவி வெளியேற்றலாம். மூன்றலகுத் தொடரின் எடை 504 டால்டன்தான் என்பதால் அதில் ஒரு பகுதியும் கழுவுநீரோடு போகும். முதல் வடிகட்டலைத் தவிர்த்தால் பெக்டின் சவ்வை அடைத்துவிடும்.

சிறு அளவுக்குச் செயலூட்டிய கரி நிரப்பிய குழாய் போதும். சாற்றை மெதுவாக விட்டு, தண்ணீரால் கழுவினால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் போகும். 5 சதவீத எத்தனால் சுக்ரோஸை இறக்கும். அதற்குமேல் 15, 30 என்று கூட்டினால் ஃப்ரக்டான் தொடர்கள் இறங்கும். கரிக்கு ஃப்ரக்டானைப் பிடிக்கும் இந்தக் குணம் உண்டு என்பதை மறந்து, வாடை போக்கவென்று சாற்றில் கரித்தூளை அள்ளிக் கொட்டுபவர்கள் சரக்கையும் கரியோடு சேர்த்து எறிகிறார்கள். வாடைக்கு 1 சதவீதத்துக்கும் குறைவாகப் போட்டு உடனே வடிகட்டினால் போதும். ஆவியாக்கும்போது மீதி வாடையில் நிறையப் போய்விடும்.

வெற்றிடத்தில் 60 டிகிரிக்கு மேல் போகாமல் 70 பிரிக்ஸ் வரை சுண்டவையுங்கள். பாகாக வைத்துக்கொள்வதே உத்தமம். தூளாக்க ஆசைப்பட்டால், மீந்த ஃப்ரக்டோஸ் தெளிப்பு உலர்த்தியின் சுவரில் பிசினாக ஒட்டும். மாவுச்சத்திலிருந்து செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் தூள் கலந்தால் ஒட்டாது, ஆனால் நாரின் விகிதம் குறையும். பிழிந்த சக்கையை 60 டிகிரியில் உலர்த்தி அரைத்தால் கரையாத நார் மாவு தனியாகக் கிடைக்கும்.

பாகை எதில் கலப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பானத்தில் கலந்து சூடாக்கி, மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் ஃப்ரக்டானில் பெரும்பகுதி வெறும் ஃப்ரக்டோஸாகிவிடும். ஈஸ்ட் ரொட்டியில் பிசைந்தால் ஈஸ்ட் பங்கு கேட்கும். பிஸ்கட், பால் இனிப்பு, சத்துமாவு ஆகியவை தோதானவை. வயிறு உப்புசம் உள்ளவர்களும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களும் இதைத் தாங்கமாட்டார்கள். மற்றவர்களும் ஒரு நாளைக்கு 2, 3 கிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுவது நல்லது.