அம்மாவின் பெயரும் இருந்தது

2019 ஜூலை 16 அன்று, வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆக்கும் அரசியலமைப்புத் திருத்தம் மலேசிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் 211 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. நான் அப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் 4 (பத்தாம் வகுப்பு). இன்னும் இரண்டே வருடத்தில் எனக்கும் ஓட்டு என்று விரல்விட்டு எண்ணினேன்.

2021 மார்ச்சில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்த கையோடு வேறு செய்தி வந்தது: 2022 செப்டம்பருக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று தேர்தல் ஆணையம் அறிவித்துவிட்டது. கோபமாக வந்தது. 18 வயதில் ஓட்டு கேட்டுப் போராடிய 'உண்டி 18' (உண்டி என்றால் மலாயில் ஓட்டு) இயக்கத்தினர் நாடாளுமன்றத்தின் அருகே கூடினார்கள். மாநில எல்லை தாண்ட முடியாத கோவிட் காலம். ஜோகூர் மாநிலத்தின் குளுவாங்கில் இருந்த நான் கைப்பேசியில்தான் அதைப் பார்த்தேன். போக முடியாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

அப்புறம் வழக்குகள். சரவாக்கைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் தொடுத்த வழக்கில், டிசம்பர் 31-க்குள் அமல்படுத்த வேண்டும் என்று கூச்சிங் உயர்நீதிமன்றம் செப்டம்பர் 3-ஆம் தேதி உத்தரவிட்டது. டிசம்பர் 15 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. என் வயதுப் பிள்ளைகள் நீதிமன்றம் ஏறி வாங்கிக் கொடுத்த உரிமை இது.

ஜனவரியில் ஜோகூர் சட்டமன்றம் கலைந்ததும், ஆணையத்தின் தளத்தில் என் அடையாள அட்டையின் 12 எண்களைத் தட்டினேன். பெயர் இருந்தது. சும்மா அம்மாவின் எண்ணையும் போட்டேன். அதுவும் இருந்தது!

அந்தத் திருத்தத்தின் இன்னொரு பாதியைப் பலர் கவனிக்கவே இல்லை. முன்பெல்லாம் அஞ்சலகம் போய் நாமாகப் பதிந்துகொண்டால்தான் வாக்காளர். இப்போது தானாகவே பதிவாகிவிடும். 47 வயதாகியும் அம்மா ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. விடிவதற்குள் வேலைக்குப் போய் இருட்டிய பின் வருகிறவருக்கு அஞ்சலகம் ஏது? அன்று இரவே எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வீடு வீடாகப் போய் எல்லாருக்கும் பார்த்துச் சொன்னேன். தங்கள் பெயர் இருப்பதே தெரியாத பெரியவர்கள்தான் அதிகம்.

ஒரு சிக்கல் இருந்தது. அடையாள அட்டையில் உள்ள முகவரிப்படிதான் தொகுதி. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து ஒன்பது வருடமாகியும் அம்மா முகவரியை மாற்றவில்லை. அதனால் எனக்குத் தாமான் பள்ளியில், அவருக்குப் பழைய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில்.

மார்ச் 12, சனிக்கிழமை. காலையிலேயே போய் என் ஓட்டைப் போட்டேன். வயதுவாரியாகப் பிரித்த வாக்களிப்பு அறைகளில் இளையவர்களுக்குக் கடைசி சாலுரான் (அறை). வரிசையில் பாதிப் பேர் என்னோடு படித்தவர்கள். பிறகு அம்மாவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். "படிச்சவங்க போட்டா போதாதாமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பள்ளி வாசலில் அவரை விட்டுவிட்டு மரத்தடியில் நின்றேன்.

இருபது நிமிடம் கழித்து முகக்கவசத்தை இறக்கியபடி வெளியே வந்தார். உள்ளே அட்டையைப் பார்த்துப் பெயரை உரக்க வாசிப்பார்கள். அட்டையில் உள்ள முழுப்பெயரை.

"எம் பேரோட உங்க தாத்தா பேரையும் சேத்து சத்தமா வாசிச்சாங்கமா," என்றார்.

தாத்தா அந்தத் தோட்டத்தில்தான் பால்மரம் சீவினார்.