மொட்டை மாடி கோல்ஃபும் ஒரு முழங்கையும்

5 ஜனவரி 2025, ஞாயிறு

ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகும்போது வலது முழங்கையின் உள்பக்க எலும்பில் சுருக்கென்றது. பாட்டிலை வீட்டுக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். “நேத்து மாடியில டொக்கு டொக்குன்னு அடிச்சீங்களே, அதாங்க” என்றாள். 7 ஐயன் என்கிற இரும்பு மட்டையில் 120 பந்து. மாதம் ஒரு முறை கோவை செட்டிபாளையம் போய் கோல்ஃப் ஆடுவதோடு சரி. மற்ற நாளெல்லாம் சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மொட்டை மாடியில் கட்டிய வலையும் செயற்கைப் புல் விரிப்பும்தான் என் மைதானம்.

7 ஜனவரி

பிசியோதெரபிஸ்ட், என் மகள் வயதுதான் இருக்கும். மணிக்கட்டை மடக்கச் சொல்லி எதிர்ப்பக்கம் அழுத்தினார். உயிர் போனது. “இதுக்குப் பேரே கோல்ஃபர்ஸ் எல்போதான் சார்.” கொஞ்சம் பெருமையாக இருந்ததை முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். “வெள்ளிப் பட்டறையில சுத்தியல் பிடிக்கிறவங்களுக்கும் இதேதான் வருது” என்று இறக்கிவிட்டார்.

மணிக்கட்டை மடக்குகிற, விரல்களை இறுக்குகிற தசைகள் பலவும் அந்த உள்பக்க எலும்பு முனையில்தான் வந்து சேருகின்றன. பிடியை இறுக்க இறுக்கச் சுமை முழுக்க அங்கே. அப்புறம் என் மாடி. புல்தரையில் பந்துக்குப் பின்னால் அடித்தால் மட்டை மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். விரிப்புக்குக் கீழே கான்கிரீட் இருந்தால் அந்த அதிர்ச்சி கை வழியே ஏறுகிறது. இதில் மோசம் என்னவென்றால், விரிப்பில் மட்டை வழுக்கி, தப்பான அடியும் நல்ல அடி மாதிரியே தெரியும். இரண்டு வருஷமாக நான் நன்றாக அடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

கையை முன்னால் நேராக நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, மறு கையால் விரல்களைக் கீழ்நோக்கி வளைத்து 30 விநாடி. மூன்று முறை. இழுக்கலாம், வலிக்கக் கூடாது. வலி அடங்கிய பிறகு அரைக்கிலோ எடையைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சி. நீட்டுவது மட்டும் போதாதாம். இரண்டு வாரம் பந்து கிடையாது.

8 ஜனவரி

30 விநாடி இவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது.

12 ஜனவரி, ஞாயிறு

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டீயரிங்கை இடது கையால்தான் இழுத்தேன். நண்பரின் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது. கொட்டகைச் சுவரோரம் கையை நீட்டி நின்றதைப் பார்த்த மேஸ்திரி, தன் சட்டைக் கையை மடித்து அதே எலும்பைத் தொட்டுக் காட்டினார். போன வருஷம் கவாத்துக் கத்திரி பிடித்து வந்ததாம். “நீங்க எதைப் பிடிச்சீங்க சார்?” என்று கேட்டார். பந்து அடித்து என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. “இதைச் செஞ்சு பாருங்கண்ணா” என்று பேச்சை மாற்றினேன்.

14 ஜனவரி

பொங்கல். கரும்பை முறிக்கக் கை தானாகப் போனது. பையனிடம் நீட்டிவிட்டேன்.

18 ஜனவரி

இன்று பிசியோதெரபிஸ்ட்டின் விசாரணை முதுகைப் பற்றி. “கார்ல இருந்து இறங்கி எவ்வளவு நேரத்துல முதல் பந்து அடிப்பீங்க?” ஷூ மாற்றுகிற நேரம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்தே போனால் இடுப்பு மூட்டின் முன்பக்கத் தசை இறுகிவிடும். கீழ்முதுகெலும்பு மொத்தமாகவே சுமார் 10–15 டிகிரிதான் திரும்பும். மீதித் திருப்பத்தை இடுப்பு மூட்டுகளும் மேல்முதுகும் தர வேண்டும். அவை மறுத்தால் கீழ்முதுகு தன் சக்திக்கு மீறித் திரும்பப் பார்க்கும். கோல்ஃப் ஆடுகிறவர்களை அதிகம் படுத்துவதே அந்த இடம்தானாம்.

நான் எப்போதாவது செய்வது, குனிந்து கால் விரலைத் தொட்டு அப்படியே நிற்பது. அசையாமல் நீட்டுவதை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆடுவதற்கு முன் அசைவோடு: மட்டையை ஊன்றி ஒவ்வொரு காலாக முன்னும் பின்னும் வீசு, தோள் மேல் மட்டையை வைத்து மேலுடம்பைத் திருப்பு, பந்தில்லாமல் அரை வீச்சு, அப்புறம் முழு வீச்சு. பத்து நிமிஷம்.

அது சரி, பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் இதையெல்லாம் செய்வது யார்? ராத்திரி யூடியூபில் ஸ்பெயின்காரர் மிகேல் ஏஞ்சல் ஹிமெனெஸைப் பார்த்தேன். வாயில் சுருட்டு, தொப்பை, முழங்காலை வட்டம் வட்டமாகச் சுழற்றுகிறார். பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 2014-இல் 50 வயதில் ஸ்பானிஷ் ஓப்பனை வென்ற ஆள்.

26 ஜனவரி, ஞாயிறு

செட்டிபாளையம். ஒன்பது குழி மட்டும், முக்கால் வீச்சு மட்டும், இது நிபந்தனை. கார் டிக்கிக்குப் பின்னால் மறைந்து நின்று காலை வீசினேன். மட்டைப் பை தூக்கி வரும் கேடி தேடி வந்துவிட்டார். “யோகாவா சார்?” ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

முதல் பந்து என் வழக்கப்படி வலது பக்க மரங்களுக்குள் போகவில்லை. நாலாவது குழி வரை முதுகு இருப்பதே தெரியவில்லை. வழக்கமாக இரண்டாவதிலேயே கையை இடுப்பில் ஊன்றிவிடுவேன். எட்டாவதில் டிரைவர் என்கிற நீள மட்டையை முழு வீச்சில் சுழற்றினேன். சுழற்றியிருக்கக் கூடாது. முழங்கை உடனே கேட்டது. ஒன்பதாவதில், பந்தைக் குழிக்கு உருட்டிவிடும் பட்டர் மட்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும்போது சங்ககிரியில் டீ. வெட்டவெளியில் கார் பம்பர் மேல் குதிகாலை வைத்துத் தொடையின் பின்பக்கத்தை நீட்டினேன், காலுக்கு 30 விநாடி. லாரிக்காரர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். டீ ஆறிவிட்டது, இன்னொன்று சொன்னேன்.