மீட்டர் சரி, வீடுதான் மாறிப்போயிருந்தது

11 நாள் வெளியூர் போயிருந்தோம். கிளம்பும்போது ஃப்ரிட்ஜைக் காலி செய்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் பலகையில் எங்கள் மீட்டரின் ரீடிங்கைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டோம். அது என் மனைவியின் யோசனை. திரும்பி வந்த அன்று பெட்டியை மேலே தூக்கிப் போவதற்கு முன்பே போய்ப் பார்த்தேன். 71 யூனிட் கூடியிருந்தது.

பூட்டிய வீடு, இறங்கிய மெயின், நாளைக்கு ஆறரை யூனிட்! ஆயிரம் வாட் சாதனம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். அப்படியென்றால் நாங்கள் இல்லாத அந்த வீட்டில் தினமும் ஆறரை மணி நேரம் ஓர் இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்திருக்க வேண்டும்.

இந்த வீட்டுக்குக் குடிவந்து அப்போது 14 மாதம் ஆகியிருந்தது. முதல் மாதத்திலிருந்தே பில் 190 யூனிட்டுக்குக் குறைந்ததில்லை. நாங்கள் இரண்டு பேர், இருவரும் பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். பழைய வீட்டில் இதே சாமான்களோடு 100, 110 யூனிட்டுக்கு மேல் போனதாக நினைவில்லை. மூன்றாவது மாதமே மின் அலுவலகத்துக்குப் போனேன். ஊழியர் ஒருவர் வந்து பார்த்தார். பலகையில் பெயிண்டால் எங்கள் வீட்டு எண் 7 எழுதியிருந்த மீட்டரின் சீரியல் நம்பரையும் பில்லில் அச்சாகியிருந்த சீரியல் நம்பரையும் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றுதான். “மீட்டர் மேலே சந்தேகம்னா டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுங்க சார்” என்றார். எழுதிக் கொடுத்தேன், கட்டணமும் கட்டினேன். எங்கள் மீட்டரோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஒரு செக் மீட்டரை இணைத்து ஒரு வாரம் ஓட விட்டார்கள். இரண்டுக்கும் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. மீட்டர் சரியாக ஓடுகிறது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை. மீட்டர் சரியாகத்தான் ஓடியது. அது யார் வீட்டு மின்சாரத்தை அளக்கிறது என்ற கேள்வியை நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அதனால் பத்து மாதத்துக்கு மேல் வீணாகப் போனது. இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, மீட்டரிலிருந்து புறப்படும் வயர் எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டாவது வேலையைச் செய்யச் சொல்லி நாம் கேட்காவிட்டால் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

ஊரிலிருந்து வந்த அந்த வாரமே சோதனையில் இறங்கினோம். பலகையில் 12 மீட்டர்கள், இரண்டு வரிசை. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, அதன் பக்கத்தில் 3200 என்று ஓர் எண். ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு 3200 முறை சிமிட்டும் என்று பொருள். இந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறும், முகப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். சுமை எதுவும் இல்லாதபோது சில மீட்டர்களில் விளக்கு அணைந்திருக்கும், சிலவற்றில் விடாமல் எரியும். ஆகவே எரிகிறதா என்று பார்த்துப் பயனில்லை, சிமிட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மனைவி மேலே மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், நான் கீழே டார்ச்சோடு, நடுவில் போன். “இறக்கிட்டேன்” என்றாள். 7ஆம் எண் மீட்டர் தன்பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டோடு மாறியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன், அதனால் 8ஐப் பார்த்தேன். அது மெதுவாகச் சிமிட்டியது, ஆனால் நிற்கவில்லை. பிறகு மெயினை ஏற்றச் சொல்லி, இறக்கச் சொல்லி, ஒவ்வொரு மீட்டராக டார்ச்சை நகர்த்திக்கொண்டே போனேன். கீழ் வரிசையின் கடைசிக்கு முந்தின மீட்டர், 11 என்று எழுதியது, மேலே இறக்கினால் நின்றது, ஏற்றினால் ஓடியது.

ஒரு தடவை நின்றது தற்செயலாக இருக்கலாம் என்பதால் எண்ணியும் பார்த்தோம். ஃப்ரிட்ஜும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடும்போது 11ஆம் மீட்டர் அரை நிமிடத்தில் 4 முறை சிமிட்டியது. குளியலறை ஹீட்டரைப் போட்டதும் அதே அரை நிமிடத்தில் 57. கூடுதலாக வந்தது 53. எங்கள் ஹீட்டர் 2000 வாட். ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட், 6400 சிமிட்டல், அரை நிமிடத்துக்கு 53. கணக்கு அப்படியே வந்து உட்கார்ந்தது. அந்த 57ஐ முழுதும் வீடியோவாக எடுத்து வைத்தேன். பின்னால் அலுவலகத்தில் நான் பேசிய எதையும்விட அந்த முப்பது விநாடி வீடியோதான் வேலை செய்தது.

மீட்டருக்குக் கீழே இருக்கும் எம்சிபியை, அதாவது அந்த இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்கிப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்திருக்குமே என்று சிலர் கேட்டார்கள். தெரிந்திருக்கும். ஆனால் எந்த வீடு இருட்டாகும் என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது. யார் வீட்டில் மூச்சுக்கருவி ஓடுகிறது என்று நமக்கென்ன தெரியும்? நம் வீட்டு மெயினை இறக்குவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். மீட்டரின் சீலையோ டெர்மினல் மூடியையோ தொடுவது அறவே கூடாது. ஆபத்து ஒருபக்கம் இருக்கட்டும், சீல் அறுந்திருந்தால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் குற்றம் நம் தலையில் விழும்.

எங்கள் மீட்டர் 11 என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் 7 யாருடையது? எதிர்வீட்டில், அதாவது 8இல், ஐந்து பேர் கொண்ட குடும்பம். அந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு நிமிடம் மெயினை இறக்கச் சொன்னேன். 7 நின்றது. அவர்களுடைய 190 யூனிட்டைத்தான் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். அவர்கள் கட்டியது மாதம் 40 யூனிட். புது எல்இடி பல்பு மாற்றினதால் குறைந்திருக்கிறது என்று நினைத்திருந்தாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பில் குறைவாக வந்தால் யாரும் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் சொல்வதில்லை.

மூன்றாவதாக 11ஆம் வீட்டுக் கதவைத் தட்டினோம். அங்கே எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் மெயினை இறக்கியதும் 8ஆம் மீட்டர் நின்றது. ஆக மூன்று வீடும் வட்டமாக மாறியிருந்தன. எங்கள் பில் எதிர்வீட்டு மின்சாரத்துக்கு, எதிர்வீட்டு பில் அந்த அம்மாவின் மின்சாரத்துக்கு, அந்த அம்மாவின் பில் எங்கள் மின்சாரத்துக்கு. நானும் எதிர்வீட்டு அண்ணனும் எங்களுக்குள் மட்டும் மாற்றிக்கொண்டு முடித்திருந்தால், அந்த அம்மா கடைசிவரை எங்கள் ஹீட்டருக்குப் பணம் கட்டிக்கொண்டே இருந்திருப்பார்.

“நான் எவ்வளவு அணைச்சாலும் குறையவே இல்லையேப்பா” என்றார் அவர். சமையலறையில் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மேலே வைத்திருந்தார். வெயில் காலத்தில்கூடப் பகலில் ஃபேன் போடுவதில்லையாம். 40 யூனிட் செலவு செய்துவிட்டு மாதாமாதம் 105 யூனிட்டுக்குக் கட்டியிருக்கிறார். அதுவரை நான் பணம் இழந்தவனாகத்தான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுருட்டிய வயரைப் பார்த்த பிறகு, என் பில்லைவிட அவருடைய பில்தான் முதலில் சரியாக வேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் எதிர்வீட்டில் பிளக் பாயின்ட் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன், கீழே 8 என்று எழுதிய எம்சிபியை இறக்கிவிட்டு மேலே வந்திருக்கிறார். பழக்கத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்ததால் பிழைத்தார். டெஸ்டரின் விளக்கு எரிந்திருக்கிறது. பலகையில் எண் மாறியிருப்பது உயிரையும் எடுக்கக் கூடியது என்று மனுவில் தனிப் பத்தியாக எழுதினேன்.

மனுவை மூன்று வீட்டுக்காரர்களும் கையெழுத்திட்டு ஒரே தாளாகக் கொடுத்தோம். தனித்தனியாகக் கொடுத்திருந்தால் மூன்று கோப்பாகி மூன்று மேசைக்குப் போயிருக்கும். அதில் பில் அதிகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மூன்று இணைப்பு எண், மூன்று சீரியல் நம்பர், எந்த மெயினை இறக்கினால் எந்த மீட்டர் நின்றது என்ற விவரம், கூட்டு ஆய்வுக்கான வேண்டுகோள், அவ்வளவுதான். பெற்றுக்கொண்டதாக முத்திரை போட்ட நகல் வாங்கினேன். நடுவில் வந்த பில்களை நிறுத்தாமல் கட்டினோம். கோபத்தில் நான் கட்டாமல் விட்டிருந்தால், என் பெயரில் உள்ள இணைப்பைத் துண்டிக்க வருபவர் இருட்டாக்குவது எதிர்வீட்டை.

ஆய்வுக்கு ஐந்து வாரம் கழித்து வந்தார்கள். பொறியாளர் முதலில் நம்பவில்லை, வீடியோவைப் பார்த்துவிட்டு அவரே மூன்று மெயினையும் இறக்கச் சொல்லி நின்று பார்த்தார். வயரைப் பிரித்து மாற்றுவதா, பதிவேட்டில் சீரியல் நம்பரை மாற்றுவதா என்று அங்கேயே பேசினார்கள். பதிவேட்டை மாற்றுவது என்று முடிவானது. சுவருக்குள் ஓடும் வயரைத் தொடாமல் முடிவதே நல்லது என்று எனக்கும் பட்டது. அன்றைய ரீடிங் மூன்றையும் ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பழைய கணக்குக்கும் புதிய கணக்குக்கும் அந்தத் தாள்தான் எல்லை. அது இல்லாமல் எண்ணை மட்டும் மாற்றினால் அடுத்த பில் இன்னும் பெரிய குழப்பமாக வரும்.

பணக் கணக்குதான் இழுத்தது. எதிர்வீட்டுக்காரர் எனக்கும் நான் அந்த அம்மாவுக்கும் வித்தியாசத்தைக் கையில் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று பேசினோம். முடியவில்லை. யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் ஸ்லாப் முறையில், மாதாமாதம் யாருக்கு எத்தனை யூனிட் என்று எடுத்து ஒவ்வொன்றுக்கும் புதிதாக பில் போட்டால்தான் சரியான தொகை வரும். மூன்று மீட்டரின் ரீடிங் வரலாற்றையும் எழுதிக் கேட்டு வாங்கி, அலுவலகத்துக் கணக்கை வரி வரியாகச் சரிபார்த்தேன். ஒரு மாதம் ரீடிங் எடுக்காமல் சராசரி போட்டிருந்தார்கள். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருந்ததைக் காட்டினேன், திருத்தினார்கள்.

எங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் பணத்தைக் கையில் தரவில்லை, பில்லில் வரவு வைத்தார்கள். நாங்கள் வருவதற்கு முன்பே அவர் அங்கே இருக்கிறார், ஆனால் இரண்டு வருடக் கணக்கைத்தான் திருப்பிப் பார்த்தார்கள். அதற்கு முந்தியது போனது போனதுதான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவருக்காக மேல்முறையீட்டு மனு ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

பலகையில் பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு, வீட்டு எண்ணோடு சீரியல் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தையும் எழுதினோம். மறுநாள் மற்ற ஒன்பது வீட்டையும் மெயின் இறக்கிப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தன. 11ஆம் வீட்டுக்கு வந்த முதல் சரியான பில் 58 யூனிட், ஃப்ரிட்ஜும் சேர்த்து. எதிர்வீட்டுக்காரருக்கு நிலுவையை ஆறு தவணையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு தவணை பாக்கி.